மாட்டைப் பார், கணக்கையும் பார்

பெங்களூரில் தொம்மலூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அது பழைய ஊர். அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அந்தக் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் தொம்பலூர் என்று இருக்கிறது. அன்று அது ஒரு கிராமம். இன்று அது நகரத்துக்குள் வந்துவிட்டது. சுற்றிலும் மாடிக் கட்டிடங்கள். ஓயாத வண்டிச் சத்தம்.

தினமும் விடியற்காலையில் தொம்மலூர்க் கடைகளில் பால் பாக்கெட்டுகள் வந்து இறங்குகின்றன. அந்தப் பால் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நகரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருகிறது. அங்கே ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் கறந்த பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுகிறார்கள். சங்கத்தில் பாலின் கொழுப்பையும் மற்றச் சத்தையும் அளந்து விலை போடுகிறார்கள்.

இந்தக் குடும்பங்களில் பல, கடன் வாங்கித்தான் மாடு வாங்குகின்றன. மாடு நன்றாக அமைந்தால் கடன் அடையும். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் ஆகும். மாடு சரியாக அமையாவிட்டால் தீவனச் செலவு மட்டும் ஏறும். கடைசியில் மாடும் போகும். கடன் மட்டும் நிற்கும்.

நல்ல கறவை மாட்டை எப்படி அறிவது? உடலைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?

ஆடுகோடியில் ஒரு பண்ணை

தொம்மலூரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஆடுகோடி இருக்கிறது. அங்கே 1923இல் அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. கால்நடை வளர்ப்பையும் பால் தொழிலையும் கற்றுத்தருவது அதன் வேலை.

1927இல் காந்தியடிகள் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்தார். அப்போது இந்தப் பண்ணைக்கு வந்தார். மாடு வளர்ப்பைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வருகைப் பதிவேட்டில் தம்முடைய தொழில் விவசாயம் என்று எழுதினார்.

1955இல் இந்த நிறுவனத்தின் தலைமையகம் அரியானாவில் உள்ள கர்னாலுக்கு மாறியது. அதுவே தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம். ஆடுகோடியில் அதன் தென்மண்டல நிலையம் இருக்கிறது.

இப்படிப்பட்ட பண்ணைகளில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு எண் உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பதிவேடு உண்டு. மாடு பிறந்த நாள், அதன் தாய், தந்தை, கன்று ஈன்ற நாள், கறந்த பால் ஆகிய எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். மாட்டின் உடலையும் பார்ப்பார்கள். ஏட்டையும் பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு செய்வார்கள்.

இழுக்கும் மாடும் கறக்கும் மாடும்

பெங்களூர், மைசூர், மாண்டியா பகுதிகளின் நாட்டு மாடு ஹள்ளிகார். தமிழ்நாட்டின் காங்கேயம் மாட்டைப் போல இதுவும் உழைப்புக்குப் பெயர் பெற்றது. முகம் நீளம். கொம்புகள் பின்னோக்கி வளைந்து போகும். உடல் இறுகி இருக்கும். கால்கள் உறுதியாக இருக்கும். ஏர் உழவும் வண்டி இழுக்கவும் ஏற்ற உடல் இது. ஆனால் மடி சிறியது. பாலும் குறைவு.

கறவைக்கென்றே வளர்த்த மாட்டின் உடல் வேறு மாதிரி இருக்கும். ஹோல்ஸ்டீன் பிரீசியன் என்ற கறுப்பு வெள்ளை மாட்டைப் பாருங்கள். முன்பக்கம் ஒடுங்கி இருக்கும். பின்னால் போகப்போக உடல் அகன்றுகொண்டே போகும். பக்கத்தில் நின்று பார்த்தால் ஆப்பு வடிவம் தெரியும். கழுத்து மெல்லியது. தோல் மென்மையானது. விலா எலும்புகள் கொஞ்சம் தெரியும்.

இதைப் பார்த்துச் சிலர் மாடு மெலிந்திருக்கிறது என்று நினைப்பார்கள். நல்ல கறவை மாடு தின்ற தீவனத்தைச் சதையாகச் சேர்ப்பதைவிடப் பாலாக மாற்றுகிறது. கொழுகொழுவென்று இருக்கும் மாடு நிறையக் கறக்கும் என்று சொல்ல முடியாது. அதற்காக எலும்பும் தோலுமாக இருக்கும் மாடு நல்ல மாடு என்றும் நினைத்துவிடக் கூடாது. அது பசியாலோ நோயாலோ மெலிந்திருக்கலாம். கண்ணில் ஒளி, மூக்கில் ஈரம், அசைபோடும் வாய் ஆகியவை நலமான மாட்டின் அடையாளங்கள்.

உடல் என்ன சொல்லும்?

வயிறும் நெஞ்சும்: மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள். முதல் அறைதான் மிகப் பெரியது. வளர்ந்த மாட்டுக்கு அதில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். நிறையத் தின்றால்தான் நிறையக் கறக்க முடியும். அதனால் வயிறு ஆழமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். நெஞ்சும் அகன்றிருக்க வேண்டும். அதற்குள்தான் இதயமும் நுரையீரலும் இருக்கின்றன. ஒரு லிட்டர் பால் சுரக்கச் சுமார் 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். பத்து லிட்டர் கறக்கும் மாட்டின் இதயத்துக்கு எவ்வளவு வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

எடை: தராசு இல்லாமலே மாட்டின் எடையைக் கணக்கிடலாம். ஒரு அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளத்தை அளக்க வேண்டும். நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்க வேண்டும். அதை நீளத்தால் பெருக்க வேண்டும். வந்ததை 660ஆல் வகுக்க வேண்டும். நெஞ்சளவு 66 அங்குலம், நீளம் 60 அங்குலம் என்றால் எடை சுமார் 396 கிலோ. எடை தெரிந்தால் எவ்வளவு தீவனம், எவ்வளவு மருந்து என்று முடிவு செய்யலாம். ஆனால் பெரிய மாடு என்பதற்காகவே பால் அதிகம் வராது. பெரிய உடலைக் காக்கவே அது கூடுதலாகத் தின்னும்.

மடி: இதுதான் மிக முக்கியம். மடி உடலோடு நன்றாக ஒட்டி இருக்க வேண்டும். அதன் அடிப்பகுதி பின்னங்காலின் முட்டிக்கு மேலே இருக்க வேண்டும். மடியின் நடுவில் உறுதியான ஒரு தசைநார் இருக்கிறது. அதுதான் மடியைத் தாங்குகிறது. அந்த நார் தளர்ந்தால் மடி தொங்கிப்போகும். தொங்கும் மடி நடக்கும்போது காலில் இடிக்கும். சாணத்திலும் சேற்றிலும் படும். காயமும் மடிநோயும் எளிதில் வரும்.

கறந்த பிறகு மடி சுருங்க வேண்டும். தொட்டால் பஞ்சு போல இருக்க வேண்டும். கறந்த பிறகும் கெட்டியாகப் பெரிதாகவே இருந்தால் அது பால் மடி அல்ல, சதை மடி.

காம்பு: நான்கு காம்புகளும் ஒரே அளவாக, சம இடைவெளியில் இருப்பது நல்லது. நான்கிலும் பால் தாராளமாக வர வேண்டும். கறந்தபின் காம்பின் துளை மூடச் சுமார் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு அழுக்குத் தரையில் படுத்தால் கிருமி உள்ளே போகும். அதனால்தான் கறந்தவுடன் தீவனம் வைத்து மாட்டை நிற்க வைக்கிறார்கள்.

கால்: பின்னங்கால்கள் மிகவும் வளைந்தோ, கம்பு போல நேராகவோ இருக்கக் கூடாது. குளம்பு சமமாக இருக்க வேண்டும். கால் வலிக்கும் மாடு தீவனத் தொட்டிக்கு வரத் தயங்கும். பருவத்துக்கு வந்தாலும் வெளியில் காட்டாது. பால் குறையும். சினை பிடிப்பதும் தள்ளிப்போகும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மாடு இன்று எத்தனை லிட்டர் கறக்கும் என்பதை மடியும் காலும் திட்டமாகச் சொல்லாது. ஆனால் அந்த மாடு எத்தனை ஈத்து தாங்கும் என்பதை ஓரளவு சொல்லும். பால் அளவை மட்டும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் மடி கனத்துக் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஆகவே பால், மடி, கால் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எதை நம்ப வேண்டாம்?

மாட்டின் சுழியைப் பார்த்து விலை பேசுவது நம் ஊர்ப் பழக்கம். இது நம் நாட்டில் மட்டும் இருந்த பழக்கம் அல்ல. பிரான்சு நாட்டில் கெனோன் என்பவர் 1830களில் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மடியின் பின்பக்கத்து முடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தால் பாலின் அளவைச் சொல்லலாம் என்றார் அவர். பல நாட்டு மக்கள் அதை நம்பினார்கள். பிறகு பால் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த முடிக்கும் பாலுக்கும் நம்பத் தகுந்த தொடர்பு இல்லை என்று தெரிந்தது.

சுழியில் பால் இல்லை. கொம்பின் அழகிலும் வாலின் நீளத்திலும் பால் இல்லை. வயிற்றின் அடியில் ஓடும் தடித்த பால் நரம்பு ஓரளவு நல்ல அடையாளம்தான். வயது ஏறினாலும் அந்த நரம்பு தடிக்கும். அதை மட்டும் நம்பியும் விலை பேச முடியாது.

கணக்கு என்ன சொல்லும்?

டென்மார்க் நாட்டில் வேயன் என்று ஒரு சிற்றூர் உண்டு. 1895இல் அந்த ஊர் விவசாயிகள் ஒரு சங்கம் அமைத்தார்கள். தங்கள் மாடுகளின் பாலை முறையாக அளந்து எழுதுவதுதான் அந்தச் சங்கத்தின் வேலை. எந்த மாடு தின்ற தீவனத்துக்கு ஏற்பக் கறக்கிறது, எந்த மாடு சும்மா தின்கிறது என்று அவர்களுக்குப் புரிந்தது. இந்த வழக்கம் பிறகு உலகெங்கும் பரவியது.

ஒரு மாட்டின் கறவைக் காலம் சுமார் 305 நாள், அதாவது பத்து மாதம். தினமும் அளக்க முடியாவிட்டால் மாதத்தில் ஒரு நாள் அளந்தால் போதும். அந்த நாளின் காலைப் பாலையும் மாலைப் பாலையும் கூட்டி 30ஆல் பெருக்க வேண்டும். அது அந்த மாதத்துப் பால்.

இரண்டு மாடுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் மாடு, மாதம் ஒரு நாள் அளந்த பால் (லிட்டரில்): 12, 14, 13, 12, 11, 10, 9, 8, 6, 5. கூட்டினால் 100. அதை 30ஆல் பெருக்கினால் 3,000 லிட்டர்.

இரண்டாம் மாடு: 16, 16, 13, 10, 8, 6, 5, 3, 2, 0. கூட்டினால் 79. அதை 30ஆல் பெருக்கினால் 2,370 லிட்டர்.

சந்தையில் முதல் மாதத்தில் பார்த்தவர் இரண்டாம் மாட்டுக்குத்தான் அதிக விலை கொடுப்பார். 16 லிட்டர் கறக்கிறதே! ஆனால் பத்து மாதக் கணக்கில் முதல் மாடு 630 லிட்டர் அதிகம் கறந்திருக்கிறது. இந்த வேறுபாடு மாட்டின் உடலில் எழுதியிருக்காது. ஏட்டில்தான் எழுதியிருக்கும்.

பால் தராத காளை

கன்றுக்குப் பாதிக் குணம் தாயிடமிருந்து வருகிறது. மறுபாதி தந்தையிடமிருந்து வருகிறது. காளை பால் தராது. ஆனால் அதன் மகள்கள் எவ்வளவு கறக்கும் என்பதில் அதற்குப் பாதிப் பங்கு உண்டு.

அப்படியானால் நல்ல காளையை எப்படிக் கண்டுபிடிப்பது? காளையின் மகள்களைப் பார்க்க வேண்டும். பல ஊர்களில், பல வீடுகளில் வளரும் அதன் மகள்களின் பாலை அளப்பார்கள். மடியையும் காலையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மற்றக் காளைகளின் மகள்களோடு ஒப்பிடுவார்கள். மகள்கள் நன்றாகக் கறந்தால் தந்தை நல்ல காளை. இதற்குச் சில ஆண்டுகள் ஆகும். இன்று இரத்தத்தையோ முடியையோ சோதித்து, கன்றாக இருக்கும்போதே ஓரளவு கணிக்கும் முறையும் வந்திருக்கிறது. இந்திய மாடுகளுக்கென்று இப்படி ஒரு சோதனை முறை 2024இல் வெளியிடப்பட்டது. அந்தக் கணிப்புக்கும் அடிப்படை, விவசாயிகள் வீட்டில் எழுதிய பால் கணக்குதான்.

பால் அளவில் மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாட்டில் சுமார் கால் பங்குதான் பரம்பரையால் வருகிறது. மீதி தீவனம், தண்ணீர், பராமரிப்பு, தட்பவெப்பம் ஆகியவற்றால் வருகிறது. நல்ல காளையின் மகளாக இருந்தாலும் தொட்டி காலியாக இருந்தால் மடியும் காலியாகத்தான் இருக்கும்.

சினை ஊசி

இந்தியாவில் சினை ஊசி முறை முதன்முதலில் 1939இல் மைசூரில் நடந்தது. மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் என்ற கால்நடை மருத்துவர் இதைச் செய்தார். ஹள்ளிகார் பசுக்களுக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன் காளையின் விந்தைச் செலுத்தினார். 33 பசுக்கள் சினை பிடித்தன. இன்று உறைவிந்து சிறு குழல்களில் வருகிறது. அது திரவ நைட்ரஜனில் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் இருக்கும்.

அந்தக் குழலின் மேல் எழுத்துகள் அச்சிட்டிருக்கும். காளையின் எண், இனம், தயாரித்த நாள் ஆகியவை அதில் இருக்கும். ஊசி போட வருபவரிடம் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். எண்ணை ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். இது மாட்டுக்காரரின் உரிமை.

ஏன் எழுத வேண்டும்? ஒரு காளையின் மகளுக்கு அதே காளையின் விந்தைச் செலுத்திவிடக் கூடாது. தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்று நலிந்து போகலாம். எண் தெரிந்தால்தான் இதைத் தவிர்க்க முடியும்.

எந்த இனம் என்பதும் முக்கியம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் குறைவு. பசுந்தீவனமும் தண்ணீரும் உள்ள இடத்தில் ஹோல்ஸ்டீன் கலப்பு நன்றாக வரும். ஜெர்சி சிறிய மாடு. பால் அளவு குறைவு, கொழுப்பு அதிகம். வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சிறிய உடல் கொண்ட கிடாரிக்குப் பெரிய இனத்தின் விந்தைச் செலுத்தினால் கன்று ஈனும்போது தொல்லை வரலாம். வெளிநாட்டு இரத்தம் ஏற ஏறப் பால் ஏறும் என்பதும் சரியல்ல. பாதிக்கு மேல் அதிகம் போனால் வெயிலையும் நோயையும் தாங்கும் சக்தி குறையும்.

இன்று போடும் ஊசியின் பலன் எப்போது தெரியும்? சினைக்காலம் சுமார் 280 நாள். பிறகு கன்று பிறக்கும். அது பெண் கன்றாக இருந்தால், வளர்ந்து கன்று ஈன இரண்டரை ஆண்டு ஆகலாம். ஆக, மூன்று ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் பலன் பாத்திரத்தில் விழும். அவசரத்தில் ஏதோ ஒரு ஊசி என்று போட்டால் மூன்று ஆண்டு உழைப்பு வீணாகும்.

மாடு வாங்கும்போது

மாடு வாங்கப் போகும் பெண் ஒருவர் இப்படிக் கேட்கலாம்.

“அண்ணே, இது எத்தனையாவது ஈத்து?”

“ரெண்டாம் ஈத்தும்மா.”

“கன்னு போட்டு எத்தனை நாளாச்சு?”

“இருபது நாள் ஆச்சும்மா.”

“இன்னிக்குச் சாயங்காலம் முழுசாக் கறந்துடுங்க. நாளைக்குக் காலையிலயும் சாயங்காலமும் நான் வந்து கறவையைப் பார்க்கிறேன்.”

இது நல்ல கேள்வி. சிலர் ஒரு வேளைப் பாலைக் கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவார்கள். முதல் கறவையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடுத்த இரண்டு கறவையும் சேர்ந்ததுதான் ஒரு நாள் பால்.

பல்லையும் பார்க்க வேண்டும். மாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும்தான் உண்டு. இரண்டு நிலைப்பல் இருந்தால் சுமார் இரண்டு வயது. எட்டும் முளைத்திருந்தால் நான்கு வயதுக்கு மேல். “ரெண்டாம் ஈத்து” என்று சொல்லும் மாட்டின் பற்கள் தேய்ந்து போயிருந்தால் சொன்னது சரியல்ல.

காதில் உள்ள மஞ்சள் தோட்டையும் பார்க்க வேண்டும். அதில் 12 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால், மாட்டுக்குப் போட்ட தடுப்பூசி, சினை ஊசி பற்றிய பதிவுகளைக் கால்நடை மருந்தகத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு பக்கம். அதில் இவற்றை எழுத வேண்டும்.

1. மாட்டின் காதுத் தோட்டு எண்.
2. பருவத்துக்கு வந்த நாள். (சினை பிடிக்காவிட்டால் சுமார் 21 நாளில் மீண்டும் வரும்.)
3. ஊசி போட்ட நாளும் காளையின் எண்ணும்.
4. கன்று ஈன்ற நாள். ஆணா, பெண்ணா?
5. மாதம் ஒரு நாள் அளந்த பால்.
6. நோயும் மருந்தும்.
7. பால் வற்ற விட்ட நாள். (அடுத்த கன்றுக்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்த வேண்டும்.)

மாட்டை விற்கும்போது இந்த நோட்டுக்கு விலை உண்டு. கிடாரியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று முடிவு செய்யவும் இதுவே உதவும். தாயின் கணக்கு நன்றாக இருந்தால் மகளை வைத்துக்கொள்ளலாம்.

தலைமுறை தலைமுறையாக மாட்டைப் பார்த்துப் பழகிய கண் நம் மக்களுடையது. அந்தக் கண் மடியையும் காலையும் சரியாகவே பார்க்கும். அதோடு எழுத்தும் சேர்ந்தால் ஏமாற்றம் குறையும். எழுதப் படிக்கத் தெரிந்த கைதான் இனி மாட்டுக்கு நல்ல தரகர்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் மாடு வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கிறார்கள்? அவற்றில் எவை பாலோடு தொடர்புள்ளவை?
2. உங்கள் வீட்டு மாட்டுக்குக் கடைசியாகப் போட்ட சினை ஊசியின் காளை எண் தெரியுமா? தெரியாவிட்டால் யாரிடம் கேட்கலாம்?
3. இந்த மாதம் ஒரு நாள் பாலை அளந்து எழுதுங்கள். 30ஆல் பெருக்கிப் பாருங்கள்.